பக்கத்து இருக்கை பிரேக்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் இரண்டு சைக்கிளும் ஒரு காரும் எந்தச் சேதாரமும் இல்லாமல் முழுசாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி முழுசாக இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது கேள்வி கேட்கிறாய், போன ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறப்பதற்குள் காரை வித்துடுங்க, சைக்கிளை யாருக்காவது குடுத்துடுங்க, ரெண்டு பேரும் பேசாம வீட்டோட இருங்க என்று தீர்ப்பே எழுதிவிட்டாய். வாங்கிக்கொள்ள உன் சித்தி மகனும் தயாராக நிற்கிறானாம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதற்காகத்தான் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்.

முதலில் ஒரு விஷயம். உன் அப்பா ஏரிக்குள் விழவில்லை. உன் சித்திக்கு ஒரு போட்டோ அனுப்பினேன், அவள் அதற்குக் கண் மூக்கு காது எல்லாம் வைத்து உனக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதைக் கேட்டால் ஏதோ நடு ஏரியில் மூழ்கின மனுஷரைப் படகு விட்டுத் தேடி எடுத்த மாதிரி இருக்கும். அவர் ஏரியில் இறங்கினார், அவ்வளவுதான். சைக்கிளோடு இறங்கினார் என்பது உண்மைதான், ஆனால் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது, நம் வீட்டுக் குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டால் வருகிற தண்ணீரை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அந்தக் கதைக்கு வருகிறேன், அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது.

கண் பரிசோதனையில் அப்பாவுக்கு லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது என்று சொன்னார்கள் இல்லையா, அப்பா எப்படி இருக்கார் என்று நீ கேட்டபோதெல்லாம் நல்லா இருக்கார், ரெஸ்ட் எடுக்கறார் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ரெஸ்ட்டும் இல்லை ஒன்றும் இல்லை. பாதி ஊருக்குக் காரோட்டச் சொல்லிக்கொடுத்த மனுஷர், அன்றைக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு ஜன்னல் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. எதிர் பேக்கரி வாசலில் யார் வண்டி நிறுத்தினாலும் மாடியிலிருந்தே மார்க் போடுவார். ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கணும், முழுசா ஒடிக்கணும் என்று கத்துவார். ரொட்டி இறக்க வருகிற வேன்காரர் பாவம், இவர் கண்ணில் படக் கூடாது என்று பின் சந்தில் போய் இறக்க ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நாளில் அந்தக் கத்தலும் நின்று போயிற்று. நான் கீழே கடையில் ஜிப் மாற்றிக்கொண்டிருப்பேன், மேலே ஒரு சத்தம் இருக்காது, தையல் மெஷினை நிறுத்திவிட்டு நாற்காலி கிரீச் என்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது பாப்பா.

வழி சொன்னது அந்தக் கண் டாக்டரம்மாதான். கார் வேணாம், ரோடே வேணாம், ஆனா வண்டி வராத பாதையா இருந்தா பகல்ல மெதுவா சைக்கிள் ஓட்டலாம் என்றார். நம் தெருவில் வண்டி வராத பாதை என்றால் அது நம் வீட்டு மாடிப்படிதான். பக்கத்தில்தான் பூங்கா இருக்கிறதே என்று நீயும் சொன்னாய், அங்கேயும் போய்ப் பார்த்தோம், நாலு சுற்றுக்குள் எனக்குத் தலை சுற்றியது, நடக்க வந்தவர்கள் எல்லாரும் எங்களை முறைத்தார்கள், அப்பா அவர்களை வரிசையில் நடக்கச் சொன்னார், அதோடு பூங்கா முடிந்தது. அப்புறம்தான் தூரம் போனாலும் பரவாயில்லை, நல்ல பாதையாகப் பார்த்துப் போவோம் என்று முடிவு செய்தோம். அவர் முழங்காலுக்குச் சாதாரண சைக்கிள் ஒத்துவராது, அதனால்தான் பேட்டரி சைக்கிள். பேட்டரி சைக்கிள் என்றால் சும்மா உட்கார்ந்து போவது என்று உன் சித்தி நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படி இல்லை, நாம் மிதிக்கத்தான் வேண்டும், பின்னாலிருந்து யாரோ ஒரு நல்ல மனுஷர் முகம் காட்டாமல் தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும். முதல் தடவை மேட்டில் ஏறினபோது நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

இப்போது காருக்கு வருகிறேன். ஓட்டுவது நான்தான். அரசாங்கம் எனக்கு லைசென்ஸ் கொடுத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, உன் அப்பா இன்னும் கொடுக்கவில்லை. என்றைக்குக் கேட்டாலும் இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பழகு என்பார். கார் வேறு யாருடையது, அவர் நடத்தின டிரைவிங் ஸ்கூல் கார், கற்றுக்கொள்கிறவர்கள் தப்பு செய்தால் மிதிப்பதற்கென்று வாத்தியார் பக்கம் தனியாக ஒரு பிரேக் வைத்தது, அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அந்தப் பிரேக் இருக்கிற வரைக்கும் நான் ஓட்டுகிறேன் என்று சொல்வதே சும்மா பேச்சுக்குத்தான். தூரத்தில் ஒரு நாய் சாலையைக் கடக்கலாமா வேண்டாமா என்று யோசித்தால் போதும், இந்தப் பக்கம் கால் இறங்கிவிடும். ஒரு தடவை விளம்பரப் பலகையில் இருந்த குழந்தைக்காகப் பிரேக் போட்டார், பின்னால் வந்தவன் எங்களைத் திட்டின திட்டில் எனக்குக் காது சிவந்துபோயிற்று. கூரை மேல் இருந்த எல் போர்டையும் கழற்ற விட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார், அது இருந்தா மத்தவன் கிட்ட வர மாட்டாம்மா என்கிறார். வாஸ்தவம்தான், யாரும் கிட்ட வருவதில்லை, ஒரு டிராக்டர் மட்டும் எங்களை முந்திக்கொண்டு போயிற்று, அதில் உட்கார்ந்திருந்தவர்கள் எனக்குக் கையைக் காட்டித் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். பின்னால் சட்டத்தில் சைக்கிள் இரண்டும் தொங்கும், பாரம் குறையட்டும் என்று பேட்டரியை மட்டும் கழற்றிப் பின் இருக்கையில் வைத்து அதுகளுக்கு சீட் பெல்ட் போட்டுவிடுவார். ஒவ்வொரு பள்ளத்திலும் திரும்பிப் பார்த்து ரெண்டும் நல்லா இருக்கு என்பார். சின்ன வயதில் உன்னைக்கூட இப்படித் திரும்பிப் பார்த்ததில்லை என்று சொன்னேன், இதுக்கு அடிபட்டா வாரன்ட்டி போயிடும், பாப்பாவுக்கு அது கிடையாதே என்கிறார்.

ஆனால் போய்ச் சேர்ந்த இடங்களைப் பற்றி நான் என்ன சொல்வது. கால்வாய்க் கரைப் பாதை ஒன்று இருக்கிறது, இரண்டு பக்கமும் மரம், கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் ஒரு வளைவு கிடையாது, அப்பா கண்ணுக்கு அதுதான் ரொம்ப சௌகரியமாக இருந்தது. காற்றாலைகள் இருக்கிற மேட்டுக்குப் போனோம், அந்தப் பெரிய இறக்கைகளின் நிழல் பாதையின் குறுக்கே வந்து வந்து போகும், உன் அப்பா ஒவ்வொரு நிழலுக்கும் நின்று வழிவிட்டார். பக்கத்திலேயே இருக்கிற இடமாக இருந்தால் இவ்வளவு நன்றாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது, அவ்வளவு நேரம் காரில் சண்டை போட்டு, பிரேக்குக்கு பிரேக் முன்னால் போய் முட்டி, கடைசியில் இறங்கி சைக்கிளில் உட்கார்ந்து காற்று முகத்தில் பட்டதும் இரண்டு பேருக்கும் அந்தச் சண்டை மறந்துபோகும். திரும்பி வந்த மறுநாள் காலையில் ஜன்னலிலிருந்து சத்தம் கேட்டது, முழுசா ஒடிக்கணும் என்று. கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன்.

சரி, ஏரிக்கு வருகிறேன். ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தை எடுத்துவிட்டு அந்தத் தடத்தையே சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், அதில் ஒரு இரும்புப் பாலம், ஒரு சுரங்கம், சுரங்கம் தாண்டினால் ஏரி. சுரங்கம் என்றதும் குளுகுளுவென்று இருக்கும் என்று மட்டும்தான் நான் நினைத்தேன். நான் தைத்த ஆரஞ்சுக் கலர் கையில்லாச் சட்டையை இரண்டு பேரும் போட்டுக்கொண்டோம், அப்பா பழைய கார்க் கண்ணாடிகளைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டியிருக்கிறார், அதில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவார். கத்துக்கறவங்க முன்னாடி போகணும், வாத்தியார் பின்னாடிதான் வரணும் என்று வழக்கம் போல என்னை முன்னால் விட்டார். பின்னாலிருந்து ஒரே பாட்டு, தோளைத் தளர்த்து, பெல்லை அடி, பாலத்தைப் பார்க்காதே பாதையைப் பார், வேகத்தைக் குறை. எனக்குப் பொறுமை போய்விட்டது பாப்பா. மோட்டார் விசையை ஒரேயடியாக மேலே தள்ளிவிட்டு ஒரு மிதி மிதித்தேன், சுரங்கத்துக்குள் போனதும் தெரியவில்லை வந்ததும் தெரியவில்லை, அந்தப் பக்கம் வெயிலில் வந்து நின்று, கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக அவர் சத்தம் எட்டாத தூரத்துக்கு வந்துவிட்டேன் என்று எனக்குள்ளேயே குதித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் ஆயிற்று, அவர் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், வரவில்லை. அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு பெல் சத்தம் கேட்டது. ஒரு தடவை அடிக்கும், நிற்கும், திரும்ப அடிக்கும். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். நடுவில், சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, இன்னொரு கையால் பெல்லை அடித்துக்கொண்டு நிற்கிறார். வெயிலிலிருந்து இருட்டுக்குள் வந்ததும் அவருக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விட்டது. என் காலடிச் சத்தம் கேட்டதும், பெல் சரியா வேலை செய்யுதான்னு பாக்கறேன் என்றார். நன்றாக வேலை செய்கிறது என்று நானும் சொன்னேன். மேலேயிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். அதற்கு உன் அப்பா, ஏரி இருக்குன்னு சொன்னியேம்மா, நீ முன்னாடி பெல்லடிச்சிட்டே தள்ளிட்டுப் போ, நான் சத்தத்தைப் பிடிச்சு வர்றேன் என்றார். அப்படியே செய்தேன். தோளைத் தளர்த்து, வேகத்தைக் குறை என்று பின்னாலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவர் செருப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வெளிச்சம் வந்ததும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, வெயில் கூசுதில்ல என்றார். இதை உன் சித்தியிடம் நான் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

அந்த ஏரியைப் பார்க்க வேண்டும் நீ. தண்ணீர் அசையாமல் கிடக்கிறது, கரையெல்லாம் நாணல், வெள்ளைப் பறவைகள் ஒற்றைக் காலில் நிற்கின்றன, உன் அப்பாவுக்கு எல் போர்டு விஷயத்தில் அவைகள்தான் குருவோ என்னவோ. பாதை தண்ணீரை ஒட்டியே வளைந்து போகிறது. அவருக்கும் தெம்பு வந்துவிட்டது, நன்றாகவே ஓட்டினார், சீட்டி கூட அடித்தார். அப்போது பாதையின் குறுக்கே ஒரு வாத்துக் குடும்பம். வேறு யாராக இருந்தாலும் பிரேக் போட்டு நிற்பார்கள். இவர் வாத்துகளுக்குத் தெரிய வேண்டும் என்று கையை முழு நீளத்துக்கு வெளியே நீட்டி சிக்னல் காட்டினார். நீட்டின கைக்குப் பின்னாலேயே உடம்பும் போயிற்று, உடம்புக்குப் பின்னால் சைக்கிளும் போயிற்று, ரொம்ப மெதுவாக, கையைக்கூட மடக்காமல், நாணலைப் பிளந்துகொண்டு ஏரியில் இறங்கினார். வாத்துகள் நின்று பார்த்துவிட்டுப் போயின.

நான் கத்தினதில் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தர் ஓடி வந்தார். வந்தவர் அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார், முகமெல்லாம் பல். உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் உன் அப்பாவிடம் காரோட்டக் கற்றுக்கொண்டு திட்டு வாங்கின ஒரு ஆள் இருப்பார் போலிருக்கிறது. சார், கண்ணாடி பாத்தீங்களா, சிக்னல் போட்டா மட்டும் போதுமா, கண்ணாடி யார் பார்ப்பா என்று கேட்டாரே பார்க்கணும், எத்தனை வருஷமாக அந்த வரியை மனசில் வைத்துக்கொண்டிருந்தாரோ. உன் அப்பா விடுவாரா, தண்ணீரில் நின்றபடியே, நீ இப்பவாவது கிளட்ச்சை மெதுவா விடறியா என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பறவை ஒன்று பாக்கியில்லாமல் பறந்துவிட்டது. அவர்தான் சைக்கிளை இழுத்துக் கரையில் போட்டார், கார் கிட்டே போய் அப்பா உடை மாற்றின பிறகு போட்டோ எடுத்ததும் அவர்தான். போட்டோவில் அப்பாவுக்கு ஏன் அவ்வளவு பெரிய பேன்ட் என்று நீ கேட்டாயே, அது பேங்க் மேனேஜருடையது. நீளம் குறைக்கக் கொடுத்தது, கொண்டுபோய்க் கொடுக்க மறந்து காரின் பின்பெட்டியிலேயே இருந்தது. மேனேஜர் நல்ல வாட்டசாட்டமான மனுஷர், இடுப்பில் நாலு குண்டூசி குத்தித்தான் நிறுத்தினேன், அசையாதீங்க என்று சொல்லியும் அசைந்தார், குத்தியது. துவைத்துத் தேய்த்துக் கொடுத்துவிட்டேன், மேனேஜருக்கு இது தெரியாது, நீயும் வாயை மூடிக்கொள். கார் வரைக்கும் திரும்பும்போது சுரங்கத்தில் அந்தத் தூண்டில்காரர் டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார். இப்போது இரண்டு சைக்கிளிலும் பெரிய விளக்கு மாட்டியாகிவிட்டது, இருட்டு இருக்கிற பாதைக்கு இனிமேல் போவதாகவும் இல்லை, அதனால் உடனே போனை எடுக்காதே, இன்னும் இருக்கிறது.

காரில் திரும்பி வரும்போது எனக்கு என்னவோ போல இருந்தது. என்ன என்று முதலில் பிடிபடவில்லை, ரொம்ப நேரமாக வண்டி வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சுகம், முன்னால் போய் முட்டவே இல்லை. அப்புறம்தான் புரிந்தது, யாரும் பிரேக் போடவில்லை. திரும்பிப் பார்த்தால் உன் அப்பா தூங்குகிறார். மேனேஜர் பேன்ட்டோடு இரண்டு காலையும் மடக்கி இருக்கை மேல் வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, தலை ஜன்னலில் சாய்ந்து. உனக்கு இது சாதாரணமாகத் தெரியும். கல்யாணத்தன்றைக்கு வாடகைக் காரில் என் பக்கத்தில் உட்காராமல் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனுஷர் இவர். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதும் அப்படித்தான். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் இவர் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. வழியெல்லாம் நான் ஹாரன் அடிக்கவில்லை, பள்ளம் பார்த்துப் பார்த்து ஒதுக்கி ஓட்டினேன், பின் இருக்கையில் பேட்டரிகள் இரண்டும் கப்சிப். வீடு வந்துவிட்டது. நிறுத்தினால் எழுந்துவிடுவாரே என்று பேக்கரியைத் தாண்டிப் போய்த் தெருவை இன்னொரு சுற்று சுற்றினேன், மனசு வராமல் அதற்கு மேலும் ஒரு சுற்று.

அதனால் பாப்பா, கார் விற்பனைக்கு இல்லை. உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை, நீ அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பயப்படாமல் என்ன செய்வாய். ஆனால் வீட்டோட இருங்க என்று நீ சொல்கிற அந்த வீட்டில் அந்த நாற்காலி இருக்கிறது, அதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். ஏரித் தண்ணீரைக்கூட நான் துவட்டிவிடுவேன், அந்த நாற்காலியிலிருந்து அவரை எழுப்பத்தான் என்னால் முடியவில்லை. சித்தி மகனிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, நான் சொன்னால் உன் சித்தி அதற்கும் கண் மூக்கு வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவிடம் விழுந்தீங்களாமே என்று ஆரம்பிக்காதே, அடுத்து எந்தப் பாதைப்பா என்று கேள், மனுஷருக்கு அது போதும், அப்புறம் நீ போனை வைக்க முடியாது, அது உன் பாடு.

நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. மாப்பிள்ளை கோட்டில் கை நீளம் என்றாயே, அங்கே எவனிடமும் கொடுத்துக் கெடுக்காதே, வரும்போது கொண்டு வா. இரண்டு பேரும் நூறு வருஷம் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருங்கள். நீ காரில் போகும்போது சீட் பெல்ட் போட மறக்காதே, பேட்டரியே போட்டுக்கொள்கிறது.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அப்பா இதை எடுத்துப் படித்துவிட்டார். தூங்கவே இல்லையாம், கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கவனித்துக்கொண்டு வந்தாராம். நான் நம்பவில்லை, காதில் பூ சுற்றாதீங்க என்றேன். அப்படின்னா வீட்டைத் தாண்டிப் போய் தெருவை எதுக்கு ரெண்டு தடவை சுத்தினே, வழி மறந்துட்டியா என்று கேட்கிறார். எங்கே முழித்தாரோ தெரியாது, ஆனால் முழித்துக்கொண்டுதான் காலை மடக்கி வைத்துக்கொண்டு என் பாட்டுக்கு என்னை ஓட்ட விட்டிருக்கிறார் பாப்பா. லைசென்ஸ் கொடுத்தாச்சா என்று கேட்டேன், எல் போர்டைக் கழற்ற ஸ்குரு டிரைவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.